நேரசூசி மட்டைகள்

வெள்ளவத்தை
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் சுகம். நீயும் சுகமென்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேல்மாடி அன்ரியின் மகள் வெள்ளிக்கிழமை விடிய ரொரன்டோவுக்குப் பறக்கிறா. இரண்டு கிலோவுக்கு மேல் தரவேண்டாம் என்று அன்ரி கேட்கமுதலே சொல்லிவிட்டா. வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, மோர்மிளகாய், ஒடியல்மா கொஞ்சம், மிச்ச இடத்துக்கு இந்தக் கடிதம். தூளை மூன்று பையில் போட்டுக் கட்டியிருக்கிறேன். போனமுறை மாதிரி பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு மறந்துபோகாதே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறா என்று யோசிப்பாய். போன ஞாயிறு நாங்கள் கதைத்தது மூன்று நிமிசம் நாற்பது செக்கன். போனே காட்டுது. அதில் ஒரு நிமிசம் "கேட்குதா, கேட்குதா" என்று போய்விட்டது. மிச்சம் "ஓம் அம்மா", "வேலை அம்மா", "பிறகு எடுக்கிறன் அம்மா". வைகாசிக்குப் பிறகு இப்படித்தான். நான் குறை சொல்லவில்லை. உனக்கு வேலை என்று தெரியும்.

இங்கே புதினம் பெரிதாக இல்லை. லிப்ற் கிழமைக்கு இரண்டு நாள் ஓடாது. மரைன் டிரைவ் பக்கம் இன்னுமொரு தொடர்மாடி எழும்பிவிட்டது. எங்கள் குசினி ஜன்னலுக்கு இனி இரண்டு முழக் கடல்தான். ரயில் போவது கேட்கும், பார்க்கமுடியாது. சித்திக்கு முழங்கால் பழையபடி. வத்தளை விசயம் ஒருமாதிரி முடிந்தது, அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். அந்த மற்ற விசயம் நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்னேன், கேட்கவில்லை.

காலமை வெறும் கோப்பியோடு போகாதே. ஒரு துண்டுப் பாண் என்றாலும் கடித்துவிட்டுப் போ. மூளையால் வேலை செய்கிறவர்களுக்கு வயிறு காயக்கூடாது.

மூன்றாம் மாடிப் பெடியனைத் தெரியும்தானே, மொரட்டுவையில் கொம்பியூட்டர் படிக்கிறவன். உன்னைத் தன் சொந்த அக்கா மாதிரிச் சொல்லித் திரிகிறவன். போன கிழமை லிப்ற்றுக்குள் வைத்துப் போனை நீட்டினான். "அன்ரி, அக்காட பேப்பரைப் பாத்தீங்களா?" என்றான். என் கையில் மாக்கெற் பை, கண்ணாடி வீட்டில். ஒன்றும் வாசிக்கவில்லை. "நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் பார்த்தேன், அது இரண்டாம் மாடி. மிச்சத்தைப் படியால் ஏறினேன்.

அதை விடு. நேற்று அலுமாரியின் மேல்தட்டைத் துப்புரவாக்கினேன். என்ன கிடைத்தது சொல்லு? அந்தப் பழைய லக்ஸ்பிறே பால்மா ரின். மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே பள்ளிக்கூட நேரசூசி போட நான் வைத்திருந்த மட்டைத் துண்டுகள், பழைய கலண்டர் மட்டையில் வெட்டினது, ஒவ்வொன்றும் உன் பெருவிரல் நக அளவு. அப்போதைய நகம். கணிதத்துக்கு நீலம், தமிழுக்குச் சிவப்பு, சங்கீதத்துக்கு மஞ்சள். விஞ்ஞானத்துக்குப் பச்சை பூசி முடிந்துபோய் மிச்சத்துக்கு நீ உன் கிறேயோனால் ஊதா பூசினாய். நான் அடித்த அடி நினைவிருக்கிறதா? இரண்டு பச்சைத் துண்டில் இன்னும் உன் பல் அடையாளம் இருக்கிறது.

26 வகுப்பு, கிழமைக்கு 40 பாடவேளை, மொத்தம் 1040 துண்டு. 41 ஆசிரியர்கள். டிசம்பர் லீவில் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினால் தைப்பொங்கல்வரை அதில் ஒருவரும் சாப்பிடேலாது. அப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. பாணந்துறை ரயிலில் வருகிற ரீச்சருக்கு முதல் பாடவேளை வைக்கேலாது. கைக்குழந்தைக்காரிக்குக் கடைசி இரண்டும் கூடாது. பி.ரி. மாஸ்டர் வேறு பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கிறார், அவருக்குத் திங்களும் வியாழனும்தான். ஒருவரை நகர்த்தினால் ஆறு பேர் நகரவேண்டும். ஆறு பேரை நகர்த்தினால் அதில் ஒருவர் பழையபடி பாணந்துறை ரீச்சரின் மேலே போய் விழுவார்.

மூன்று கிழமை முறிந்து செய்ததை ஸ்ராவ் றூமில் ஒட்டின ஐந்தாவது நிமிசம் ஒருத்தி வந்து சொல்லுவா: "ரீச்சர், எனக்கு புதன் மூண்டாம் பாடத்துக்கு ரெண்டு வகுப்பு." செய்ய மூன்று கிழமை, பிழை பிடிக்க ஐந்து நிமிசம். நான் அதைத் தலைவிதி என்று நினைத்திருந்தேன். நீதான் பிறகு வந்து சொன்னாய், அதற்கு ஒரு துறையே இருக்கிறதென்று. சரிபார்க்க லேசான கணக்கெல்லாம் செய்யவும் லேசா? அதுதான் கேள்வி, மிச்சமெல்லாம் அதன் வால் என்றாய்.

ஈவன், இற்றாய், ஷமீர் என்று மூன்று பேர் 1976இல் நேரசூசிக் கணக்கைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள் என்றும் நீதான் சொன்னாய். எல்லா ஆசிரியரும் எந்த நேரமும் வரலாம் என்றால் அது லேசான கணக்கு, கொம்பியூட்டர் பட்டென்று போட்டுவிடும். இன்னாருக்கு இன்ன நேரம் ஏலாது என்று வந்தவுடன் அது என்.பி. கொம்ப்ளீட், சரிபார்க்க லேசு, செய்ய விரைவான வழி ஒருவருக்கும் தெரியாத வகை. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அப்பா எழும்பி வந்தார். எந்த நேரமும் வரக்கூடிய ஆசிரியர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் பிள்ளை? ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில். 19 வருசம் நான் மூளை கெட்டவள் என்று என்னையே ஏசிக்கொண்டு செய்த வேலை, உலகத்தில் ஒருவருக்கும் விரைவான வழி தெரியாத வேலை. என் பிள்ளை அதை எனக்குச் சொல்கிறாள்.

அதன்பிறகு கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் நான் வாய் மூடவில்லை. தெரியும், உனக்கு அது பிடிக்காது. சித்தப்பா இப்பவும் காணும்போதெல்லாம் "அந்தப் பத்து லட்சம் டொலர் எப்ப வருது?" என்கிறார். 2000ஆம் ஆண்டு உன் கேள்வியோடு சேர்த்து ஏழு கணக்குக்குப் பரிசு வைத்தார்கள், அதில் ஒன்றைத்தான் இதுவரை தீர்த்திருக்கிறார்கள், அதைத் தீர்த்த ரஷ்யக்காரர் பெரல்மான் காசு வேண்டாமென்று 2010இல் சொல்லிவிட்டார் என்று விளங்கப்படுத்தினேன். அன்றிலிருந்து சித்தப்பாவுக்குக் கணிதக்காரர் எல்லாருக்குமே ஒரு நட்டு கழன்றிருக்கிறது என்று முடிவு.

போனமுறை வந்தபோது திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டு சொன்னாய். உங்கள் துறையில் பெரிய கண்டுபிடிப்புகளில் பாதி "இந்தப் பாதையால் போகேலாது" என்று நிறுவியதுதான் என்று. 1975இல் பேக்கர், கில், சொலவே ஒரு பாதையை மூடினார்கள். 1994இல் ரஸ்பொரோவும் ருடிக்கும் இன்னொன்றை. இரகசியக் குறியீடுகள் உண்மையாகவே உடைக்கமுடியாதவை என்றால், கொம்பியூட்டர்ச் சுற்றுகளைப் பற்றி அதுவரை கையாண்ட மாதிரியான நிறுவல் எதுவும் பெரிய விடைவரை போகாது என்று காட்டினார்கள். அதில் ரஸ்பொரோவ், தானே 1985இல் அந்தப் பாதையில் எல்லாரையும்விடத் தூரம் நடந்தவர். தான் வந்த பாதை எங்கே முடிகிறது என்று தானே பலகை நட்டிருக்கிறார் என்று நீ சொன்னாய். சிரட்டையில் கறுப்புத் தட்டும்வரை துருவிக்கொண்டே சொன்னாய். சம்பல் கறுத்துப்போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை, உன் முகம் அவ்வளவு வடிவாக இருந்தது.

அதை நீ மறந்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

ஸ்டீவன் குக் என்பவரைப் பற்றியும் நீதான் சொன்னாய். கலிபோர்னியாவில், பேர்க்லியில் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1970இல் ரொரன்டோவுக்கு வந்தார். அடுத்த வருசம் மே மாதம் ஒகையோவில் ஒரு மாநாட்டில் எட்டுப் பக்கக் கட்டுரை, அதில்தான் உங்கள் துறையே தொடங்கினது. பேர்க்லி வேண்டாமென்ற அடுத்த வருசம், பிள்ளை. நீ இருக்கிற அதே ஊரில்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன், கிழவிகளின் வேலை. கோடல் என்ற கணிதக்காரர் இன்னொரு கணிதக்காரரான நொய்மனுக்கு 1956 மார்ச்சில் எழுதிய கடிதத்தைப் பற்றி ஒருநாள் சொன்னாயே. நொய்மன் புற்றுநோயில் கிடக்கிறார். கடிதம் சுகம் விசாரித்துத் தொடங்குகிறது, வருத்தம் கேள்விப்பட்டேன், தேறிவருகிறீர்கள் என்று அறிந்தேன் என்று. அடுத்த பந்தியில் கணக்குக்குத் தாவிவிடுகிறது. பிறகு பார்த்தால் அந்தக் கணக்குத்தான் உங்கள் பெரிய கேள்வி, குக் எழுதுவதற்குப் பதினைந்து வருசம் முந்தி. நொய்மன் அடுத்த பெப்ரவரியில் செத்துப்போனார். என்ன மனுசன், சாகக் கிடக்கிறவரிடம் கணக்குக் கேட்கிறார் என்று அப்போது ஏசினேன். இப்போது இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். மிளகாய்த்தூள், லிப்ற், சித்தியின் முழங்கால்.

சாப்பிடுகிறாய்தானே? படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. குளிர் குறைந்துவிட்டது என்று முட்டையோடு நிறுத்தாதே, மீன் வாங்கு.

2017 தைப்பொங்கலுக்கு நீ வந்து நின்றாய். ஜனவரி 4ஆம் திகதி, புறக்கோட்டைக்குப் பானை வாங்கப் போகவேண்டும், நீ மடிக்கணினியை விட்டு எழும்பவில்லை. பாபாய் பின்வாங்கிவிட்டார் என்றாய். யாரோ சொந்தக்காரன் செத்த மாதிரி முகம். சிக்காகோப் பேராசிரியர், 2015 நவம்பரில் அறிவித்த முடிவு, உலகமே எழும்பி நின்று கை தட்டினது. இரண்டு கோலத்தை, புள்ளிகளை இடம் மாற்றிப் போட்டால் ஒன்றாக வருமா வராதா என்று விரைவாகக் கண்டுபிடிக்கிற வழி என்று எனக்கு வாசலில் மாவால் போட்டுக் காட்டினாய். ஒரு வருசத்துக்கு மேல் ஒருவருக்கும் தெரியாத பிழையை, பாரிசில் பேசுவதற்காக அந்தக் கட்டுரையை வரிவரியாக வாசித்த ஹெல்ஃப்கொட் என்ற பெருநாட்டுக்காரர் கண்டுபிடித்திருக்கிறார். பாபாய் ஒளிக்கவில்லை. பிழை இருக்கிறது, நான் சொன்ன வேகம் வராது, ஆனால் பழையதைவிட வேகம்தான் என்று தானே எழுதிப் போட்டார். 9ஆம் திகதி நீ குசினிக்குள் ஓடிவந்து "அம்மா, கிழவர் சரிக்கட்டிட்டார்!" என்று கத்தினாய். பால் பொங்கி அடுப்பில் ஊற்றிப்போனது. ஐந்து நாள்.

எல்லாருக்கும் ஐந்து நாளில் சரிவராது, அது எனக்குத் தெரியும். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவின வைல்ஸுக்குத் தன் பிழையைச் சரிக்கட்ட ஒரு வருசம் பிடித்தது. சிலதைச் சரிக்கட்டவே முடியாது, அதுவும் தெரியும். நான் 34 வருசம் கணிதம் படிப்பித்தவள்.

இனி எழுதப்போவதை நேற்று அந்த ரின்னைத் திறந்ததிலிருந்து எழுதாமல் வைத்திருக்கிறேன்.

1998 ஜனவரி. உனக்கு ஒன்பது வயது. அந்த வருசம் நேரசூசியைப் பெரிய டிமை பேப்பரில் படி எடுத்தது பதுளையிலிருந்து புதிதாக வந்த ரீச்சர். மூன்று இரவு இருந்து, அடிமட்டம் வைத்து, அச்சடித்த மாதிரி எழுதினா. பள்ளிக்கூடம் தொடங்கின முதல் செவ்வாய், ஐந்தாம் பாடவேளை, சங்கீத ரீச்சருக்கு இரண்டு வகுப்பு. ஒன்பது பி, ஏழு ஏ. இரண்டு வகுப்பும் ஒன்றாகச் சங்கீத அறைக்கு வந்து நிற்கின்றன, எண்பது பிள்ளைகள், ஒரு சுருதிப்பெட்டி. அன்றைக்கென்று மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வந்திருந்தார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். என் மேசையில் இருந்த மட்டையில் அந்தப் பிழை இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிசமே தெரியும். அந்தத் துண்டை வைத்தபோது கை தயங்கினதுகூட நினைவிருந்தது.

"படி எடுத்ததில் பிழை சேர்" என்றேன்.

அவவைக் கூப்பிட்டார்கள். ஸ்ராவ் றூமில், எல்லாருக்கும் முன்னால். அவ என்னைப் பார்த்தா, நான் சோக்கட்டிப் பெட்டியைப் பார்த்தேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்து, உடுப்பும் மாற்றாமல், மேசையில் அந்த மஞ்சள் துண்டை எடுத்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வைத்தேன், அதிபர் மட்டையைக் கொண்டுவரச் சொன்னால் சரியாக இருக்கவேண்டுமென்று. நீ மேசைக்குக் கீழே இருந்தாய். தலையை நீட்டி "அம்மா, ஏன் மாத்துறீங்கள்?" என்று கேட்டாய். "போய்ச் சோத்தைத் தின்" என்றேன்.

நீ போய்ச் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த ரீச்சர் அந்தத் தவணையோடு மாற்றம் கேட்டுப் போய்விட்டா. எட்டுப் பத்து வருசத்துக்குப் பிறகு வெள்ளவத்தை மாக்கெற்றில் கண்டேன். "ரீச்சர், சுகமா? உங்கட மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று அவதான் முதலில் கேட்டா. நான் கையில் முருங்கைக்காய்க் கட்டோடு பத்து நிமிசம் உன் பெருமை சொன்னேன். கம்பஸ், வெளிநாடு, புலமைப்பரிசில் எல்லாம். அவ கேட்டுக்கொண்டு நின்றா. ஒரு சொல்லு வரவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு அவவைக் கண்டதைக்கூடச் சொல்லவில்லை.

லிப்ற்றில் கண்ணாடி போட்டிருந்தேன் பிள்ளை. வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி. துணைத்தேற்றத்தில் பிழை இருக்கிறது, ஆசிரியரே மீளப்பெற்றுக்கொண்டார் என்று. உன் பேர் மட்டும்தான் இருந்தது. உன்னோடு வேலை செய்கிற அந்த மாணவிப் பிள்ளையின் பேரை நீ அதில் இழுக்கவில்லை. படி எடுத்தவளின் பிழை என்று ஓரிடத்திலும் இல்லை. மூன்றாம் மாடிப் பெடியன் கவலையாகத்தான் காட்டினான், பாவம். நான் இரண்டாம் மாடியில் இறங்கிப் படியில் குந்தியிருந்துவிட்டுத்தான் வந்தேன், முழங்கால் எனக்கும் சரியில்லை.

கோபமும் இருக்கிறது. மறைக்கமாட்டேன். ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டதை அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நான் ஊரெல்லாம் பெருமை சொல்லித் திரிந்ததால்தான் சொல்லவில்லையோ என்று அடுத்த நிமிசம் யோசிக்கிறேன். போன மார்கழியில் இந்தப் பேப்பரைப் பற்றிச் சித்தப்பாவுக்குச் சொன்னது நான்தான். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தத் துணைத்தேற்றத்தை எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்து. முழுக்க விளங்காது, சரிக்கட்டித் தரவும் எனக்குத் தெரியாது. எந்தப் பாடவேளையில் எந்த இரண்டு வகுப்பு மோதினது என்று சொன்னாயென்றால் அந்தளவுக்கு விளங்கும். ஞாயிறு உனக்கு இரவு ஏழு மணி என்றால் எனக்குத் திங்கள் விடிய நாலரை. அந்த நேரம் நான் எப்படியும் முழிப்புத்தான், முதல் ரயில் போகுமுன்னம் எழும்பிவிடுவேன். கதைக்க விருப்பமில்லை என்றால் போனை மேசையில் வைத்துவிட்டு உன்பாட்டில் சமை, நான் இங்கே தேத்தண்ணி வைக்கிறேன்.

ரின்னை அனுப்ப நினைத்தேன், அன்ரியின் இரண்டு கிலோவுக்குள் அடங்காது. பல் அடையாளம் உள்ள இரண்டு பச்சையும் கடித உறைக்குள் இருக்கின்றன.

அன்ரியின் மகள் போய்ச் சேர்ந்த அடுத்த நாளே போய்ப் பொதியை வாங்கு, அவ வேலைக்குப் போகிற பிள்ளை, காவல் இருக்கேலாது. தூளை உடனே போத்தலில் போட்டு இறுக்கி மூடு. ஈரக் கரண்டி வைக்காதே.

அன்புடன்
அம்மா